ஐந்து வீட்டு விருந்து

விருந்து என்றால் ஒரு வீடு, ஒரு பந்தி, ஓர் இலை. இதுவே நம்மவர் அறிந்த முறை. ஆயின், ஒரே விருந்தை ஐந்து வீடுகளுக்குப் பங்கிட்டு, முதல் வீட்டிற் கூழும் இரண்டாம் வீட்டில் வடையும் மூன்றாம் வீட்டிற் சோறுமாக, உண்பவர்கள் நடந்து நடந்து உண்ணும் முறையொன்று உண்டு என்று சொன்னால் நேயர்களுட் பலர் நகைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் நகைத்தவனே. பின்னர் அவ்விருந்தில் உண்டவனும் ஆனேன். அவ்விருந்தில் உண்ணாதவனும் நானே. அக்கதையைச் சொல்லுதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

இது நம் நாட்டு வழக்கன்று. அமெரிக்க நாட்டில் மாணவர் கழகங்களும் தேவாலய இளைஞர் சங்கங்களும் நெடுங்காலமாக இவ்வாறு விருந்துண்டு வருகின்றன. ஜெர்மனி நாட்டுப் பல்கலைக்கழக நகரங்களில், ஒருவரையொருவர் அறியாத மாணவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தன் இருப்பிடத்தில் ஓர் உணவை மட்டும் சமைத்து, ஏனைய உணவுகளைப் பிறர் இருப்பிடங்களிற் சென்று உண்பதை ஒரு விளையாட்டாகவே கொண்டிருக்கின்றனர். இரவு முடிவதற்குள் முன்பின் அறியாத பலர் அறிமுகமாகிவிடுகின்றனர்.

இம்முறையிலுள்ள நயத்தைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். முழு விருந்தொன்றை அளிப்பதற்குப் பெரிய வீடு வேண்டும். பெரிய பானை வேண்டும். பெரிய பணப்பையும் வேண்டும். ஓர் உணவை மட்டும் அளிப்பதற்கு இவற்றுள் எதுவும் வேண்டுவதில்லை. மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட வீட்டுக்காரனும் அன்றிரவு ஒரு நாழிகை விருந்தளிப்பவனாகத் தலைநிமிர்ந்து நிற்கலாம். வீடு சிறிதென்று எவரும் முகஞ்சுளிப்பதற்குள் விருந்தினர் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவர்.

ஆனால், இந்த நயமே நம் நாட்டில் இடர்ப்பாடாகவும் முடிகிறது. ஏனெனில், நம்மிடையே ஒருவன் என்ன உண்கிறான் என்பதைவிட எவர் வீட்டில் உண்கிறான் என்பதே பெரிய வினாவாக இருந்து வந்திருக்கிறது. தமிழகத்தில் முற்காலத்தில் ஏழை மாணவர் நாளுக்கொரு வீடாக ஏழு நாட்களும் ஏழு வீடுகளில் உண்டு கல்வி கற்றனர். வாரச் சாப்பாடு என்று பெயர்பெற்ற அவ்வழக்கம் பல அறிஞர்களை உருவாக்கியது உண்மை. அந்த ஏழு வீடுகளும் பெரும்பாலும் ஒரே சாதியினரின் வீடுகளாக இருந்தன என்பதும் உண்மை. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடாத்திய குருகுலத்தில் மாணவர் சிலர்க்கு மாத்திரம் தனியிடத்தில் உணவளிக்கப்பட்டமை, 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகம் முழுவதையும் குலுக்கிய பெரும் பிணக்காயிற்று. நாட்டு விடுதலைக்கு ஒன்றுபட்டவர்கள், ஒரு பந்தியில் ஒன்றுபட இயலாது பிரிந்தனர்.

நம் ஈழத்து நிலையும் வேறாக இருக்கவில்லை. அதே 1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தோன்றிற்று. ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் தீண்டாமை ஒழிப்பைத் தம் கொள்கைகளுள் ஒன்றாக வரித்துக்கொண்டனர். 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அவரை வரவேற்று உபசரித்தவர்களும் அவ்விளைஞர்களே. பாடசாலைகளிற் சமாசனம், சமபோசனம் என்னும் இரு சொற்களும் அக்காலத்தில் எத்தனை வீடுகளில் அடுப்பை விடச் சூடாக எரிந்தன என்பதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1957இற் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறிய பின்னரும், தேநீர்க் கடைகளிற் சம உரிமை பெறுவதற்கு 1960களின் பிற்பகுதியிற் போராட வேண்டியிருந்தது. சட்டம் கடையின் கதவைத் திறக்கலாம். சமையலறையின் கதவைத் திறக்க அதற்கு வலிமையில்லை.

இனி என் ஊருக்கு வருகிறேன். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் நீரால் உயிர்பெற்றது எங்கள் ஊர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936ஆம் ஆண்டளவிற் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. பின்னர் அமைந்த குடியேற்றத் திட்டங்களில் ஒன்றின்வழி என் தந்தையாருக்கு மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும் கிடைத்தன. காடு வெட்டி, மலேரியாக் காய்ச்சலோடு போராடி, யானைக்குக் காவலிருந்து அவர் அந்த நிலத்தைப் பண்படுத்தினார். ஆனால், குடாநாட்டிலிருந்து வந்தபோது பெட்டியிற் கட்டிக்கொண்டு வந்தவற்றுள் விதைநெல்லோடு சாதியும் இருந்தது. இரண்டும் வன்னி மண்ணில் நன்றாகவே முளைத்தன.

வாய்க்காலின் கடைக்கோடியில் வேறொரு குடியிருப்பு இருந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தவர்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டவர்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளிற் தோட்டங்களிற் பசியால் வாடியவர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலில் இருந்த லயக்காம்பராவையும் இழந்தவர்கள். அவர்கள் வன்னிக்கு வந்து எங்கள் வயல்களில் நாற்று நட்டார்கள்; அருவி வெட்டினார்கள். அவர்கள் வெட்டிய நெல்லை நாங்கள் உண்டோம். அவர்கள் சமைத்த சோற்றை மட்டும் உண்டதில்லை.

அக்குடியிருப்பிலிருந்து ஒருவன் எங்கள் பாடசாலைக்கு வந்தான். என்னுடைய வகுப்பு. கணிதத்தில் என்னை விஞ்சியவன். அவனுடைய குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தே நான் அட்சரகணிதம் கற்றேன். அவனும் நானும் ஒரே வாங்கில் இருந்தோம். பாடசாலையில் அது இயல்பாகவே இருந்தது.

எங்கள் மாணவர் மன்றத்துக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் ஆங்கில ஏடுகளை விரும்பிப் படிப்பவர். 1979ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த பின் ஒருநாள், மேற்சொன்ன மேனாட்டு விருந்தைப் பற்றி எங்களுக்கு எடுத்துரைத்து, மாசிப் பூரணையன்று நாமும் அவ்வாறு செய்யலாம் என்றார். நாங்கள் பதினெட்டுப் பேர். எவர் வீட்டில் எந்த உணவு என்பதைச் சீட்டெழுதித் தீர்மானிப்பது என்றாயிற்று. பதினெட்டுப் பெயர்களையும் ஒரு செம்பிற் போட்டுக் குலுக்கி, ஐந்தினை எடுத்தார். மூன்றாவதாக என் பெயர் வந்தது. நான்காவதாக அவன் பெயர் வந்தது. வகுப்பறையில் ஒரு கணம் ஒருவரும் பேசவில்லை. ஆசிரியர் ஐந்தாவது சீட்டைப் பிரித்துப் படித்தார்.

மன்றத்தின் செயலாளன் நான். ஆகவே பட்டியலை எழுதியவனும் நானே. முதல் வீட்டில் ஒடியற் கூழ். இரண்டாம் வீட்டில் உழுந்து வடை. எங்கள் வீட்டிற் சோறும் கறியும். நான்காம் வீட்டில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் தேநீரும். ஐந்தாம் வீட்டில் எருமைத்தயிரும் தேனும் வாழைப்பழமும்.

பட்டியலை அம்மா வாங்கிப் பார்த்தார். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, நான்காவது வரியில் விரலை வைத்தார்.

"மற்ற வீடுகளிலை வடிவாச் சாப்பிடு, தம்பி. அங்கை மட்டும் தண்ணியும் வாயிலை வையாதை. கொப்பர் அறிஞ்சால் என்னைத்தான் ஏசுவார்."

நான் மறுமொழி சொல்லவில்லை. அம்மாவை மீறிப் பேசும் வழக்கம் எனக்கு இருந்தது. அன்று பேசவில்லை என்பதே என் மீதுள்ள முதற் குற்றச்சாட்டு.

பூரணை நாள் வந்தது. அறுவடை முடிந்த வயல்களில் நிலவு பாலாய்ப் பரந்திருந்தது. முதல் வீட்டில் முற்றத்திற் பெரிய பானையிற் கூழ் கொதித்தது. இறாலும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் இட்ட அக்கூழைப் பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தபோது கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. இரண்டாம் வீட்டில் வடை. எங்கள் வீட்டில் அம்மா மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறும், குளத்து விராற் குழம்பும், கத்தரிக்காய்ப் பாற்கறியும், முருங்கையிலை வறையும், சொதியும் ஆக்கியிருந்தார். பதினெட்டுப் பேரும் ஆசிரியரும் வரிசையாக இருந்தோம். என் தோழனுக்கும் வாழையிலையே இட்டார்கள். ஆனால், அவனுடைய இலை பந்தியின் கடைசியில், திண்ணையின் ஓரத்தில் இடப்பட்டிருந்தது. அவன் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அம்மா சமையல் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கைகழுவச் சென்றான்.

அங்கிருந்து வாய்க்கால் வரம்பு வழியே நடந்தோம். பாட்டும் சிரிப்புமாக வந்த கூட்டம் கடைக்கோடியை நெருங்க நெருங்க ஒலி குன்றிற்று. வேலியோரத்தில் ஓர் அரிக்கன் விளக்கைப் பிடித்தபடி அவனுடைய சிறிய தங்கை நின்றாள். முற்றம் புதிதாகச் சாணமிட்டு மெழுகப்பட்டிருந்தது. பத்தொன்பது பேருக்கும் பாயில்லாமையால், உரச்சாக்குகளைத் துவைத்துக் காயவைத்து விரித்திருந்தார்கள். சங்கக்கடையில் வாங்கிய கோதுமை மாவிற் தேங்காய்ப்பூவும் சிறிதாக அரிந்த வெங்காயமும் சேர்த்துச் சுட்ட ரொட்டிகள் ஒரு சுளகில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அம்மியில் அரைத்த கொச்சிக்காய்ச் சம்பலின் மணம் முற்றமெங்கும் நிறைந்திருந்தது. இத்தனை பேருக்கு மா வாங்க அந்த வீட்டார் எத்தனை நாட் கூலியைச் செலவிட்டனர் என்பதைக் கணக்கிட அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஆசிரியர் முதலில் இருந்து இரண்டு ரொட்டி உண்டு, மூன்றாவதும் கேட்டு வாங்கினார். மாணவருட் சிலர் விரும்பியே உண்டனர். சிலர் ரொட்டியைக் கையில் வாங்கிக் கதைத்துக்கொண்டே நின்றனர். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு வயிற்றுக்குத்து. ஒன்றும் வேண்டாம்" என்றேன்.

தோழனுடைய தாயார் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். "வயித்து வலியா, தம்பி? அப்ப ரொட்டி வேணாம். இஞ்சி தட்டிப் போட்டுச் சாயத்தண்ணி தர்றேன். குடிச்சா உடனே கேட்கும்" என்றார்.

நான் மறுப்பதற்குள் உள்ளே போய்விட்டார். இஞ்சி இடிக்கும் ஓசை கேட்டது. ஒரு வெண்கலக் குவளையில், ஆவி பறக்கும் தேநீரைச் சேலைத்தலைப்பாற் பிடித்துக்கொண்டு வந்து என் கையிற் கொடுத்தார். அந்த வீட்டில் இருந்த ஒரே வெண்கலக் குவளை அதுவாகத்தான் இருக்கவேண்டும். மற்றவர்கள் கண்ணாடிக் கோப்பைகளிலும் தகரப் பேணிகளிலும் குடித்துக்கொண்டிருந்தனர். குவளையுடன் வீட்டின் பின்புறம் சென்றேன். அங்கே ஒரு முருங்கைமரம் நின்றது. அதன் அடியில் தேநீரை ஊற்றினேன். திரும்பியபோது என் தோழன் கிணற்றடியில் வாளியுடன் நின்றான். நிலவு பகல்போல் இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடமிருந்து குவளையை வாங்கிக் கழுவி, உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

ஐந்தாம் வீட்டில் தயிரும் தேனும் உண்டோம். என் வயிற்றுக்குத்து அங்கே குணமாகிவிட்டது. அதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாட் காலையிற் பாடசாலைக்குச் செல்லும்போது வாய்க்கால் வரம்பின் ஓரத்திற் காகங்கள் கூடி நின்றன. கையில் வாங்கியவர்கள் வழியில் எறிந்த ரொட்டித் துண்டுகள் ஆங்காங்கே கிடந்தன. அவ்வழியேதான் அவனும் அவன் தங்கையும் பாடசாலைக்கு வரவேண்டும். அன்று மாலை மன்றத்தின் குறிப்பேட்டில் நான் எழுதிய வாக்கியம் இது: "ஐந்து இல்லங்களிலும் விருந்து இனிதே நிறைவுற்றது." ஆசிரியர் அதனை வாசித்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கையொப்பமிட்டார்.

விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். முகந்தால் வாடும் அனிச்சத்தினும் விருந்தினர் மென்மையானவர். விருந்தளிப்பவர் முகம் சிறிது திரிந்தாலே வாடிவிடுவர் என்பது அவர் கருத்து. விருந்தளிப்பவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அது. விருந்தினன் முகம் திரிந்தால் விருந்தளித்தவர் உள்ளம் என்னவாகும் என்பதைப் பாடசாலையில் எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. வெண்கலக் குவளையைக் கழுவிய கைகளே கற்பித்தன. கற்றுக்கொள்ள எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

1984இற் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. 1996இற் போர் எங்கள் ஊரைப் பெயர்த்தெறிந்தது. மன்றக் குறிப்பேடு இருந்த பாடசாலைக் கட்டிடமும் அழிந்தது. மீண்டும் திரும்பினோம், மீண்டும் பெயர்ந்தோம். 2009ஆம் ஆண்டு நடுப்பகுதியில், செட்டிகுளத்து மனிக் பாம் முகாமில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுள் ஒருவனாக நானும் கம்பிவேலிக்குள் இருந்தேன். உணவுப் பொட்டலத்துக்காக வரிசையில் நின்றபோது, அது எவர் அடுப்பில் வெந்தது என்று கேட்டவர் ஒருவருமில்லை. அடுத்த கூடாரத்தில் மலையகத்து வமிசாவளி மூதாட்டி ஒருவர் இருந்தார். பால்மாத் தகரத்தின் மூடியில் அவர் தந்த சாயத்தண்ணியை ஒருநாட் காலையிற் குடித்தேன். குடித்து முடிந்த பின்னரே முருங்கைமரம் நினைவுக்கு வந்தது. அன்று முழுவதும் நான் ஒருவரோடும் பேசவில்லை.

பசி வந்ததும் சாதி பறந்துவிட்டது என்று எழுதி இக்கட்டுரையை இவ்விடத்தில் முடித்தால் அழகாக இருக்கும். ஆனால், அது உண்மையாகாது. 2010இல் ஊர் திரும்பினோம். முதலிற் கூடாரங்கள் எழுந்தன. பின்னர் வீடுகள் எழுந்தன. வீடுகளுக்கு முன்பே வேலிகள் எழுந்தன. கிணறுகள் மறுபடியும் இன்னாரது கிணறு ஆயின. வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவர்களுட் பலர், தலைமுறை தலைமுறையாகத் தாம் திருத்திய காணிக்கு இன்றும் ஒரு பத்திரம் இன்றியே வாழ்கின்றனர்.

அங்கேதான் என் தோழனும் இருக்கிறான். பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறான். ஊர் திரும்பிய பின் வழியிற் காணும்போதெல்லாம் சுகம் விசாரிப்போம். மழையைப் பற்றியும் குளத்து நீர்மட்டத்தைப் பற்றியும் பேசுவோம். 1979 பற்றிப் பேசியதில்லை.

சென்ற மாசி மாதத்தில் எங்கள் அயலில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர் சிலர் என்னிடம் வந்தனர். யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர் இருவர், மன்னார் முஸ்லிம் மாணவர் ஒருவர். தங்கள் கழகத்தின் சார்பில் ஊர் வீடுகள் சிலவற்றிற் பகுதி பகுதியாக விருந்துண்ண விரும்புவதாகவும், செலவைத் தாமே ஏற்பதாகவும், என் வீட்டில் ஓர் உணவு அளிக்க இயலுமா என்றும் கேட்டனர். இது ஒரு புதிய முறை என்று எனக்கு விளக்கினர். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சீட்டுப் போடவேண்டாம்" என்றேன். "சோறு எந்த வீட்டில் என்பதை நான் கேட்டுச் சொல்கிறேன்."

அன்று மாலை கடைக்கோடிக்கு நடந்தேன். விருந்தின் நடுவுணவை அவன் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தான்.

"சோறெல்லாம் வேற வீட்டுல வச்சுக்கங்க. நம்ம வீட்டுல ரொட்டிதான்" என்றான்.

அவ்வாறே நடந்தது. பிள்ளைகள் சாக்கில் அன்று, பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தனர். அவனுடைய மனைவியார் ரொட்டி சுட்டார். அவனுடைய தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சுவரில் மாலையிட்ட படமாக இருந்தார். முஸ்லிம் மாணவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க அன்றைய விருந்து முழுவதும் மரக்கறியாகவே அமைந்தது. நான் இரண்டு ரொட்டி உண்டேன். மூன்றாவதும் கேட்டேன், அது ஆசிரியரின் நினைவாக. பின்னர், எல்லோரும் கேட்கும்படியாகவே, "இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணி கிடைக்குமா?" என்றேன்.

அவனே எழுந்து உள்ளே சென்றான். இடிக்கும் ஓசை கேட்டது. கோப்பையை என் கையிற் கொடுத்துவிட்டு, அருகில் அமர்ந்து, மற்றவர் கேளாதவாறு மெல்லச் சொன்னான்:

"அந்த முருங்கை இப்ப இல்ல. ஷெல்லுல போயிருச்சு. ஊத்தணும்னா வேற மரந்தான் பார்க்கணும்."

அவன் சிரிக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருந்த ஒரு பொருளை உரியவனிடம் ஒப்படைப்பதுபோற் சொன்னான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ஆறப்போகுது, குடிங்க" என்றான். ஒரே வாங்கில் இருந்த நாளில் "டேய்" என்று என்னை அழைத்தவன், "குடிங்க" என்றான். குடித்தேன். இஞ்சி தொண்டையை எரித்துக்கொண்டு இறங்கிற்று. அடிவண்டல் வரை குடித்து, கோப்பையைக் கிணற்றடிக்குக் கொண்டுசென்று நானே கழுவி வைத்தேன். அவன் தடுக்கவில்லை.

அடுத்த வீட்டுக்குப் புறப்படுமாறு மாணவர்கள் அழைத்தனர். கழகத்தின் செயலாளரான மாணவி கைப்பேசியில் ஏதோ குறித்துக்கொண்டே என்னுடன் நடந்தாள். "ஐயா, இண்டைய விருந்தைப் பற்றி அறிக்கையிலை என்ன எழுதலாம்?" என்று கேட்டாள்.

"இனிதே நிறைவுற்றது என்று மட்டும் எழுதாதே, பிள்ளை" என்றேன். "எவர் எவர் எந்த வீட்டில் என்ன உண்டார் என்று எழுது. உண்ணாதவர் இருந்தால் அதையும் எழுது."

அவள் விளங்காதவளாய் என்னைப் பார்த்தாள். வரம்பின் இருமருங்கிலும் பார்த்துக்கொண்டே நான் நடந்தேன். நிலவு தெளிவாக இருந்தது. வழியில் ஒரு துண்டு ரொட்டியும் கிடக்கவில்லை.